உழைப்பும் பசியும்: நீதிமொழிகள் 16:26-ஐ எபிரேயச் சொல்வழியே படிக்க ஒரு முழு வழிகாட்டி

"பிரயாசப்படுகிறவன் தனக்காகவே பிரயாசப்படுகிறான், அவன் வாய் அதை அவனிடத்தில் வருந்திக் கேட்கும்." பழைய தமிழ் மொழிபெயர்ப்பில் நீதிமொழிகள் 16:26 இப்படித்தான் இருக்கிறது. ஒரு தடவை வாசித்தால் புரிந்தது போலிருக்கும். இரண்டாம் தடவை வாசித்தால் "அதை" என்றால் எதை, வாய் ஏன் வருந்துகிறது என்று சந்தேகம் வரும்.

எங்கள் வாசிப்புக் குழுவில் இந்த வசனத்தை மூன்று முறை, வெவ்வேறு ஆட்களோடு, எபிரேயத்தில் பிரித்துப் பார்த்திருக்கிறேன். மூன்று முறையும் ஆட்கள் தடுக்கியது ஒரே இடங்களில்தான். எடுத்த எடுப்பில் அகராதியைத் திறந்து, ஒரு சொல்லுக்குப் பத்து அர்த்தம் எழுதிக்கொண்டு, அதில் பிடித்ததை எடுத்துக்கொண்டார்கள். முதல் முறை நானும் அதைத்தான் செய்தேன்.

எபிரேயம் தெரியாதவர்களுக்காகவே இதை எழுதுகிறேன். எழுத்துக் கூட்டத் தெரிந்தால் நல்லது, தெரியாவிட்டாலும் சமாளிக்கலாம். ஆனால் படிகளின் வரிசையை மட்டும் மாற்றாதீர்கள்.

1. உட்காரும் முன் கையில் இருக்க வேண்டியவை

பழைய தமிழ் பைபிள் ஒன்று, பொது மொழிபெயர்ப்பு ஒன்று. இரண்டும் வேண்டும். ஒன்று மட்டும் இருந்தால், அதில் உள்ள தமிழ்ச் சொல்லையே மூலச் சொல் என்று மனது எடுத்துக்கொள்ளும்.

அடுத்து, ஒவ்வொரு எபிரேயச் சொல்லுக்கும் ஸ்ட்ராங் எண் போட்ட வரிக்குவரி பதிப்பு. இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. இந்த எண்ணின் பயன் ஒன்றுதான்: அதே எபிரேயச் சொல் வேறு எங்கெல்லாம் வருகிறது என்று தேடலாம். எண்ணுக்குப் பக்கத்தில் இருக்கும் ஒரு வரி விளக்கத்தை முழு அகராதி என்று நம்பிவிடாதீர்கள். வீட்டு விலாசத்தைப் படித்துவிட்டு வீட்டுக்குள் போய்வந்ததாகச் சொல்வது போல ஆகிவிடும்.

ஒரு நோட்டு, எட்டுச் சின்னச் சீட்டுகள், பென்சில். பேனா வேண்டாம், அழிக்க வேண்டி வரும்.

இன்னொரு எச்சரிக்கை. எபிரேயப் பதிப்பின் வசன எண்ணும் தமிழ் பைபிளின் வசன எண்ணும் சில இடங்களில் ஒன்று தள்ளி நிற்கும். தமிழில் சங்கீதம் 69:1 என்பது எபிரேயத்தில் 69:2. தமிழில் யோனா 2:5 என்பது எபிரேயத்தில் 2:6. தேடிய சொல் அங்கே இல்லையே என்று ஒருவர் அரைமணி நேரம் குழம்பியதைப் பார்த்திருக்கிறேன். கீழே நான் தரும் எண்களெல்லாம் தமிழ் பைபிளின்படி.

2. முதலில் தமிழை ஒழுங்காகப் படியுங்கள்

எபிரேயத்துக்குப் போகும் அவசரத்தில் எல்லோரும் தாண்டிவிடும் படி இது. பழைய தமிழ் மொழிபெயர்ப்பும் நமக்கு இன்று ஓரளவு வேற்றுமொழிதான்.

"வருந்திக் கேட்கும்" என்பதைப் பாருங்கள். இன்றைய காதுக்கு இது வருத்தத்தோடு, துக்கத்தோடு கேட்பது. குழுவில் ஒருவர் "பாவம், பசியில் வாய் அழுகிறது" என்றே விளக்கம் சொன்னார். ஆனால் அதே பைபிளில் ஆதியாகமம் 19:3-ஐ எடுங்கள். லோத்து தன் வீட்டுக்கு வரச் சொல்லி அந்த இரண்டு பேரை "மிகவும் வருந்திக் கேட்டுக்கொண்டான்". அங்கே துக்கம் எதுவும் இல்லை. விடாப்பிடியாக, வற்புறுத்திக் கேட்டான் என்று பொருள். எம்மாவூர் வழியில் சீஷர் இருவரும் இயேசுவை "வருந்திக் கேட்டுக்கொண்டார்கள்" என்பதும் அப்படியே.

ஆக நம் வசனத்தில் வாய் அழவில்லை, விடாமல் வற்புறுத்துகிறது. எபிரேயத்தைத் தொடும் முன்பே ஒரு தப்பு திருந்திவிட்டது. சந்தேகம் வரும் தமிழ்ச் சொல்லை அதே மொழிபெயர்ப்பில் இன்னும் இரண்டு இடத்திலாவது பார்த்துவிட்டு மேலே போங்கள்.

3. எட்டுச் சொல், எட்டுச் சீட்டு

எபிரேயத்தில் இந்த வசனம் மொத்தம் எட்டே சொற்கள். தமிழ் எழுத்தில் ஏறக்குறைய இப்படி வரும்:

நெஃபெஷ் ஆமேல் ஆமெலா லோ, கீ ஆகஃப் ஆலாவ் பீஹூ.

ஒவ்வொன்றையும் ஒரு சீட்டில் எழுதி மேசையில் பரப்புங்கள். கீழே தமிழ் வசனத்தை எழுதி, எந்தச் சீட்டு எந்தத் தமிழ்ச் சொல்லுக்கு மேல் உட்காருகிறது என்று பொருத்துங்கள். "ஆமேல்" சீட்டு "பிரயாசப்படுகிற" மேல் உட்காரும். "பீஹூ" சீட்டு "அவன் வாய்" மேல். "ஆகஃப்" சீட்டு "வருந்திக் கேட்கும்" மேல்.

"நெஃபெஷ்" சீட்டு மட்டும் கையிலேயே நிற்கும். முதல் சொல்லே அதுதான், ஆனால் தமிழில் அதற்கு இடமில்லை. "பிரயாசப்படுகிறவன்" என்பதில் உள்ள "-வன்" அதை விழுங்கிவிட்டது. எதிர்ப்பக்கம், தமிழில் இருக்கும் "அதை" என்ற சொல்லுக்கு மேல் வைக்க எந்தச் சீட்டும் இல்லை. அது மொழிபெயர்ப்பாளர்கள் வாக்கியம் ஓடுவதற்காகச் சேர்த்தது.

சீட்டு இல்லாமல் திரையில் பார்த்தால் இந்த இரண்டும் கண்ணில் படாது. அதனால்தான் கையால் செய்யச் சொல்கிறேன்.

தமிழ் எழுத்தில் எழுதுவதில் ஒரு ஓட்டை உண்டு. ஆமேல், ஆலாவ் இரண்டும் அயின் என்ற எழுத்தில் தொடங்குபவை. ஆகஃப் தொடங்குவது அலெஃப் எழுத்தில். தமிழில் எல்லாமே "ஆ" ஆகிவிடுகிறது. அதனால் சீட்டின் மூலையில் முதலெழுத்தைக் குறித்துவையுங்கள். பின்னால் வேர்ச்சொல் தேடும்போது தவறான கதவைத் தட்டாமல் இருக்கலாம்.

4. அகராதிக்கு முன் இலக்கணம்

இந்த வழிகாட்டியில் ஒரு படியை மட்டும் செய்வதாக இருந்தால் இதைச் செய்யுங்கள்.

வரிக்குவரிப் பதிப்பில் ஒவ்வொரு சொல்லுக்கும் கீழே இலக்கணக் குறிப்பு இருக்கும். "ஆமெலா" என்ற வினைக்குக் கீழே படர்க்கை, ஒருமை, பெண்பால் என்று போட்டிருக்கும். உழைக்கும் ஆள், அதாவது ஆமேல், ஆண்பால். அப்படியானால் உழைத்தது அவன் இல்லை. வாக்கியத்தில் பெண்பாலாக இருக்கும் சொல் நெஃபெஷ் ஒன்றுதான். உழைப்பது அவனுடைய நெஃபெஷ்.

தமிழ் ஆட்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். "வந்தாள்" என்று காதில் விழுந்தால் அண்ணன் வந்தான் என்று யாரும் எடுத்துக்கொள்ள மாட்டோம். நம் வினைமுற்றும் பால் காட்டுகிறது, எபிரேய வினையும் காட்டுகிறது. ஆங்கில மொழிபெயர்ப்பு வழியாக வருகிறவர்களுக்குத்தான் இது ஒளிந்திருக்கும்.

இன்னொன்று. "நெஃபெஷ் ஆமேல்" என்பதை "உழைக்கும் நெஃபெஷ்" என்று பெயரடையாகச் சிலர் படிப்பார்கள். பெயரடையாக இருந்திருந்தால் அதுவும் பெண்பாலில் வந்திருக்க வேண்டும். ஆமேல் ஆண்பாலில் நிற்பதால் இது வேற்றுமைத் தொடர்: உழைப்பவனுடைய நெஃபெஷ்.

அடுத்து "லோ": அவனுக்கு, அவனுக்காக. இப்போது முதல் பாதியைச் சேருங்கள். "உழைப்பவனுடைய நெஃபெஷ் அவனுக்காக உழைக்கிறது." தமிழ் பைபிள் சொல்வதோ "பிரயாசப்படுகிறவன் தனக்காகவே பிரயாசப்படுகிறான்". இரண்டும் ஒன்றல்ல. தமிழில் ஒரே ஆள். எபிரேயத்தில் அவனுக்குள்ளே இன்னொருவர் இருந்து வேலை பார்க்கிறார்.

அந்த இன்னொருவர் யார் என்பதற்குத்தான் இனி அகராதி வேண்டும்.

வினைகள் இரண்டும் முடிந்த காலத்தில் இருப்பதாகக் குறிப்பு சொல்லும். அதைப் பார்த்து "உழைத்தது, நெருக்கியது" என்று இறந்தகாலக் கதையாக்க வேண்டாம். பழமொழியில் எபிரேயம் அந்த வடிவத்தை எப்போதும் நடப்பதைச் சொல்லவும் பயன்படுத்தும்.

5. நெஃபெஷ்: ஆத்துமா என்று எழுதும் முன் கொஞ்சம் பொறுங்கள்

ஸ்ட்ராங் எண் 5315. பழைய ஏற்பாட்டில் 750 தடவைக்கு மேல் வரும் சொல். எல்லாவற்றையும் பார்க்க முடியாது, பார்க்கவும் வேண்டாம். உணவு, வாய், தொண்டை சம்பந்தப்பட்ட இடங்களை மட்டும் பிரித்தெடுங்கள். நம் வசனத்தில் வாய் இருக்கிறது. அதனால் வாயோடு சேர்ந்து வரும் நெஃபெஷ்தான் நமக்குச் சாட்சி.

ஏசாயா 5:14-இல் தொடங்குங்கள். "பாதாளம் தன்னை விரிவாக்கி, தன் வாயை ஆவென்று மட்டில்லாமல் திறந்தது." இதில் "தன்னை" என்று வந்திருப்பது நெஃபெஷ். பாதாளம் விரித்தது தன் தொண்டையை. அடுத்த அடியில் திறந்தது வாயை. நெஃபெஷ் முன்னே, வாய் பின்னே. நம் வசனத்தில் இருக்கும் அதே ஜோடி, அதே வரிசை.

அடுத்து சங்கீதம் 69:1. "வெள்ளங்கள் என் ஆத்துமாமட்டும் பெருகிவருகிறது." ஆத்துமா மட்டத்துக்கு வெள்ளம் எப்படி வரும்? கழுத்துமட்டும் என்று வைத்துப் பாருங்கள், காட்சி தெளிகிறது. யோனா 2:5-இல் அதே சொல் "பிராணபரியந்தம்" என்று வந்திருக்கிறது. மீன் வயிற்றுக்குள் போன ஆளின் கழுத்தைச் சுற்றித் தண்ணீர்.

எண்ணாகமம் 21:5-இல் மன்னாவைத் தின்று சலித்தவர்கள் "இந்த அற்பமான உணவு எங்கள் மனதுக்கு வெறுப்பாயிருக்கிறது" என்கிறார்கள். அந்த "மனது" நெஃபெஷ். தொண்டையில் இறங்கவில்லை என்று நாம் சொல்வோமே, அது.

சங்கீதம் 107:9-இல் "பசியுள்ள ஆத்துமா". நீதிமொழிகள் 27:7-இல் "திருப்தியடைந்தவன் தேன்கூட்டையும் மிதிப்பான், பசியுள்ளவனுக்கோ" என்று வரும் இடத்தில் இரண்டு நெஃபெஷும் "-வன்" என்பதற்குள் போய்விட்டன. 13:4-இல் ஜாக்கிரதையுள்ளவர்களுடைய "ஆத்துமாவோ புஷ்டியாகும்". சின்ன வயதில் ஞாயிறு பள்ளியில் இதைக் கேட்டு, ஆத்துமா எப்படிக் குண்டாகும் என்று யோசித்திருக்கிறேன். நெஃபெஷ் சாப்பிடும் என்று தெரிந்தபின்தான் அந்தக் கணக்கு நேரானது.

நோட்டில் ஒரே எபிரேயச் சொல்லுக்கு எதிரே இப்போது இத்தனை தமிழ்: தன்னை, ஆத்துமா, பிராணன், மனது, -வன். இதை மொழிபெயர்ப்பின் குறை என்று அடிக்கோடு போட வேண்டாம். எந்த ஒரு தமிழ்ச் சொல்லும் இவை எல்லாவற்றையும் தாங்காது. ஆனால் தமிழில் "ஆத்துமா" என்று தேடினால் பாதி இடங்கள் கிடைக்காது என்பதை மட்டும் புரிந்துகொள்ளுங்கள். எண்ணை வைத்துத் தேடச் சொன்னது இதனால்தான்.

பக்கத்து மொழிகளும் துணைக்கு வருகின்றன. அக்காத் மொழியில் நபிஷ்து, உகாரித்தில் இதே மூன்று மெய்யெழுத்துகள். இரண்டிலும் தொண்டை என்ற பொருளும் உண்டு, உயிர் என்ற பொருளும் உண்டு. அரபியில் நஃப்ஸ். தமிழ் முஸ்லிம்கள் "நஃப்ஸை அடக்க வேண்டும்" என்று சொல்லும்போது, கேட்டுக்கொண்டே இருக்கும் உள்ளாசையைத்தான் சொல்கிறார்கள்.

இங்கே நடக்கும் பெரிய தப்பு: கண்டுபிடித்த எல்லா அர்த்தத்தையும் ஒரே வசனத்தில் கொட்டுவது. "உழைப்பவனின் தொண்டை, மூச்சு, உயிர், ஆசை, ஆத்துமா ஆகிய எல்லாம்" என்று ஒருவர் எழுதிவந்தார். ஒரு சொல் ஓரிடத்தில் வேலை செய்யும்போது பெரும்பாலும் ஒரு வேலைதான் செய்யும். "படி" என்றால் மாடிப்படி, அளக்கும் படி, பாடம் படி. "படியில் உட்கார்ந்தான்" என்றால் மூன்றின் மேலும் உட்காரவில்லை.

நம் வசனத்தில் அடுத்த அடியில் வாய் இருப்பதால், இங்கே நெஃபெஷுக்கு வேலை பசி. உண்ணக் கேட்கும் தொண்டை. பென்சிலால் "பசி" என்று எழுதி ஒரு கேள்விக்குறி போட்டுவையுங்கள்.

6. ஆமேல்: எல்லா உழைப்பும் இல்லை

இங்கே ஒரு கண்ணி இருக்கிறது. தமிழில் "பிரயாசம்" என்று தேடினால் நீதிமொழிகள் 14:23 உடனே வரும்: "சகல பிரயாசத்தினாலும் பிரயோஜனமுண்டு." அதை எடுத்து நம் வசனத்தோடு சேர்த்துப் பிரசங்கமே கேட்டிருக்கிறேன். ஆனால் அங்கே எபிரேயத்தில் இருப்பது எட்செவ், வேறு சொல். நோவு கலந்த உழைப்பு. ஏவாளிடம் வேதனையோடு பிள்ளை பெறுவாய் என்று சொல்லும் ஆதியாகமம் 3:16-இல் வருவதும் எட்செவ்தான். தமிழில் ஒரே சொல் என்பதற்காக மூலத்திலும் ஒரே சொல் என்று நினைக்காதீர்கள்.

நம்முடைய ஆமேல் 6001. அதன் வினை 5998, பெயர்ச்சொல்லான ஆமால் 5999. மூன்றையும் சேர்த்துத் தேடுங்கள். ஒரே வேர், அயின் மேம் லாமெத்.

பார்த்தால் சொல் இரண்டு பக்கமும் சாயும். ஒரு பக்கம் வேலை: சங்கீதம் 127:1-இல் வீட்டைக் கட்டுகிறவர்களின் "பிரயாசம் விருதா", யோனா 4:10-இல் ஆமணக்குச் செடிக்காக "நீ பிரயாசப்படாததும்". மறுபக்கம் துன்பம்: யோசேப்பு மூத்த மகனுக்கு மனாசே என்று பெயர் வைக்கும்போது மறந்துபோனதாகச் சொல்லும் "வருத்தம்" ஆமால்தான். சங்கீதம் 90:10-இன் "வருத்தமும் சஞ்சலமும்" என்பதில் முதலாவதும் அதுவே. யோபு 3:20-இல் சாவை வேண்டி நிற்கும் ஆளுக்குப் பெயர் ஆமேல்.

பிரசங்கி புத்தகத்தில் இந்த வேர் திரும்பத் திரும்ப வருகிறது. "சூரியனுக்குக் கீழே மனுஷன் படுகிற எல்லாப் பிரயாசத்தினாலும்" என்று அவர் கேட்கும் தொனியிலேயே களைப்பு தெரிகிறது. ஆக நம் வசனத்து ஆள் கைத்தொழிலில் மகிழும் கலைஞன் அல்ல. முதுகு வலிக்க வேலை பார்ப்பவன்.

உழைப்பு, துன்பம் இரண்டையும் ஒரே மூச்சில் சொல்ல எங்கே போவது என்று நீண்ட நேரம் தேடினோம். கட்டட வேலைக்குப் போகும் ஒரு தம்பி சொன்னார்: "அண்ணே, பாடுபடுறவன்னு சொன்னா போதுமே." போதும்தான். பாடு என்பதில் வேலையும் இருக்கிறது, வேதனையும் இருக்கிறது.

இடையில் ஒன்று. அரசாணை அமலுக்கு வந்தது, சட்டத்தை அமல்படுத்து என்கிறோமே, அந்த அமல் அரபி வழியாக வந்தது. அரபியில் செயல், வேலை என்று பொருள். எபிரேய ஆமாலும் அரபி அமலும் ஒரே வேரின் பிள்ளைகள். கேட்க ருசியாக இருக்கும். ஆனால் தமிழ் அமலின் பொருளை எபிரேயத்துக்குள் கொண்டுபோய் வைக்கக் கூடாது. உறவுக்காரர் என்பதால் குணமும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை.

7. ஆகஃப்: ஒரே ஒரு தடவை வரும் சொல்

ஸ்ட்ராங் எண் 404. தேடினால் பழைய ஏற்பாட்டில் ஒரே இடம்தான் வரும், நம் வசனமே. புதிதாக வருகிறவர்கள் இங்கே கை விட்டுவிடுவார்கள், அல்லது இஷ்டத்துக்கு எழுதுவார்கள். ஒரே தடவை வரும் சொல்லுக்கு இந்த வரிசையில் போங்கள்.

முதலில் அதே வேரில் வேறு சொல் உண்டா என்று பாருங்கள். பக்கத்து எண் 405-இல் ஒரு பெயர்ச்சொல் இருக்கிறது, அதுவும் ஒரே இடத்தில்: யோபு 33:7. எலிகூ யோபிடம், தன்னுடைய அந்த ஏதோ ஒன்று "உம்மேல் பாரமாயிருக்கமாட்டாது" என்கிறான். தமிழில் "என் கை" என்று இருக்கிறது. எபிரேயத்தில் "என் கை" என்பதும் இந்தச் சொல்லும் ஓர் எழுத்து வித்தியாசத்தில் இருப்பதால், கிரேக்க மொழிபெயர்ப்பும் கை என்றே வாசித்தது. எப்படி வாசித்தாலும் பக்கத்தில் பாரம் இருக்கிறது, "உம்மேல்" இருக்கிறது. மேலிருந்து அழுத்தும் ஒன்று.

இரண்டாவது, அண்டை மொழி. அரமேயத்திலும் சிரியாக்கிலும் இந்த வேருக்கு நெருக்குதல், வற்புறுத்துதல் என்ற பொருள்.

மூன்றாவது, பிற்கால எபிரேயம். ரபிமார், அதாவது யூத வேத போதகர்கள், எழுதிய எபிரேயத்தில் இதே மூன்று எழுத்தில் உக்காஃப் என்று ஒரு சொல் உண்டு: கழுதை முதுகில் வைக்கும் சேணம். இது படம் பிடிக்க உதவும். ஆனால் இதை ஆதாரமாக்கி "வாய் அவன்மேல் சேணம் கட்டியது" என்று மொழிபெயர்த்துவிடக் கூடாது. பின்னால் வந்த பொருளை முன்னால் இருந்த வசனத்தில் திணிப்பது பிழை. படமாக மனதில் வைத்துக்கொள்ளுங்கள், அவ்வளவுதான்.

இன்றைய எபிரேயம் இன்னும் வழுக்கும். அங்கே இக்பத் என்றால் அக்கறை. அதைப் பார்த்துவிட்டு "அவன் வாய் அவன்மேல் அக்கறையாக இருக்கிறது" என்று ஒருவர் எழுதினார். அழகாக இருக்கிறது, ஆனால் அது இந்தக் காலத்துப் பொருள். அதே வேரில் இன்றைய எபிரேயத்தில் சட்ட அமலாக்கத்துக்கு அகிஃபா என்று சொல். அதாவது தமிழில் அமலாக்கம் என்ற சொல் இந்த வசனத்தின் முதல் வேருக்கு உறவு. இஸ்ரேலில் அமலாக்கத்துக்கு வைத்திருக்கும் சொல் இதே வசனத்தின் இரண்டாம் வேர். இதில் வியாக்கியானம் எதுவும் இல்லை, வெறும் தற்செயல். எனக்கு மட்டும் இதைத் தாண்டிப் போக மனமில்லை.

கடைசியாக, பக்கத்துச் சொல்லைப் பாருங்கள். ஆகஃப் அடுத்து "ஆலாவ்" வருகிறது: அவன்மேல். "அவனிடத்தில்" என்ற தமிழ் பைபிளின் சொல்லில் இது மெலிந்துவிட்டது. வாய் எதிரே நின்று கெஞ்சவில்லை; மேலே இருந்து அழுத்துகிறது. நெருக்குகிறது, அமுக்குகிறது, முடுக்குகிறது என்று மூன்றையும் எழுதிவையுங்கள்.

8. பீஹூவும் சில்லறைச் சொற்களும்

பே என்றால் வாய். பீஹூ, அவன் வாய். வழக்கமாகப் பீவ் என்றும் வரும். பீஹூ கொஞ்சம் நீண்ட வடிவம். பொருளில் வித்தியாசம் இல்லை. நீளமாக இருக்கிறதே, ஏதாவது மறைபொருள் இருக்கும் என்று தோண்டாதீர்கள்.

கீ என்றால் ஏனென்றால். "நிச்சயமாக", "போது" என்றெல்லாம் வேறு வேலைகளும் அதற்கு உண்டு. இங்கே ஏனென்றால் என்பதே பொருந்துகிறது, தமிழ் பைபிள் அதை விட்டுவிட்டது. விட்டதால் இரண்டாம் பாதி முதல் பாதிக்குக் காரணம் என்பது தெரியாமல் போகிறது. மீண்டும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

9. இப்போது பக்கத்து வசனங்களுக்குப் போங்கள்

இதுவரை வசனத்துக்குள்ளேயே இருந்தோம். முதலிலேயே சுற்றுப்புறத்தைப் பார்த்தால், சொல் என்ன சொல்கிறது என்று கேட்கும் முன்பே கருத்து பிடித்துவிடும். அதனால் இதைப் பின்னால் வைத்தேன்.

நீதிமொழிகள் 16-இல் 21-ஆம் வசனத்திலிருந்து 30 வரை வாசியுங்கள். உதடு, வாய், இனிய சொல், மறுபடி உதடு என்று பேச்சு உறுப்புகளாகவே வருகின்றன. 23-இல் ஞானியின் வாய். 24-இல் இனிய சொற்கள் தேன்கூடு போல நெஃபெஷுக்குத் தித்திப்பு. 27-இல் பேலியாளின் மகனுடைய உதடுகளில் நெருப்பு. நடுவில் நம் வசனத்தின் வாய் மட்டும் சோறு கேட்கிறது.

நீதிமொழிகளைத் தொகுத்தவர்கள் ஒரே சொல்லை வைத்து வசனங்களைக் கோப்பது உண்டு. ஆகவே இங்கே வாய் என்ற சொல்தான் நூல் என்று நினைக்கிறேன்.

அப்புறம் ஒரு தூரத்து வசனம்: பிரசங்கி 6:7. "மனுஷன் படும் பிரயாசமெல்லாம் அவன் வாய்க்காகத்தானே, அவன் மனதுக்கோ திருப்தியில்லை." எபிரேயத்தில் ஆமால், பீஹூ, நெஃபெஷ் மூன்றும் இருக்கின்றன. நம் வசனத்தின் மூன்று பெரிய சொற்களும் ஒரே வரியில் கூடும் இடம். அங்கே நெஃபெஷ் நிரம்பாத ஒன்று, அதாவது பசி. ஐந்தாம் படியில் போட்ட கேள்விக்குறியை இப்போது அழிக்கலாம்.

நீதிமொழிகள் 19:15-ஐயும் சேர்த்துக்கொள்ளுங்கள். "அசதியானவன் பட்டினியாயிருப்பான்" என்பதில் எபிரேயம் சொல்வது அசதியின் நெஃபெஷ் பசித்திருக்கும் என்று. பசி ஒருவனைத் தள்ளுகிறது, இன்னொருவனுக்குப் பசி மட்டும் மிஞ்சுகிறது.

யாராவது இங்கே 2 தெசலோனிக்கேயர் 3:10-ஐக் கொண்டுவருவார்கள்: வேலைசெய்ய மனதில்லாதவன் சாப்பிடவுங்கூடாது. அது கிரேக்கம், ஒரு சபைக்குக் கொடுத்த கட்டளை. நம் வசனம் யாருக்கும் கட்டளை இடவில்லை. நடப்பதைப் பார்த்துச் சொல்கிறது. இரண்டையும் கலந்தால் பசியில் உழைப்பவனைப் பற்றிய வசனம் சோம்பேறியைத் திட்டும் வசனமாகிவிடும். கலக்காதீர்கள்.

10. மற்றவர்கள் எப்படி வாசித்தார்கள்: இதைக் கடைசியில்தான் பார்க்க வேண்டும்

கிரேக்க எழுபதின்மர் மொழிபெயர்ப்பில் இந்த வசனம் வேறு ஆளாக நிற்கிறது. பாடுபடுகிறவன் தனக்காகப் பாடுபட்டுத் தன் அழிவைத் தன்னைவிட்டு விரட்டுகிறான். கோணலானவனோ தன் வாயிலேயே அழிவைச் சுமக்கிறான் என்று ஒரு துண்டு அதிகமாகவே இருக்கிறது. ஆகஃப் அவர்களுக்கும் கஷ்டம் கொடுத்திருக்கும் போல.

லத்தீன் மொழிபெயர்ப்பு, உழைப்பவனின் ஆன்மா தனக்காக உழைக்கிறது, ஏனெனில் அவன் வாய் அவனைக் கட்டாயப்படுத்தியது என்கிறது. நெஃபெஷ் எழுவாயாக இருக்கிறது, நல்லது. "அவனுக்காக" என்பது "தனக்காக" ஆகிவிட்டது.

ரபிமாரின் விவாதங்களைத் தொகுத்த பாபிலோனியத் தால்மூதில், சன்ஹெத்ரின் பகுதியில், ரபி எலெயாசார் இந்த வசனத்தை யோபு 5:7-உடன் சேர்க்கிறார். மனிதன் ஆமாலுக்காகவே பிறந்தான். ஆனால் வேலையின் ஆமாலா, வாயின் ஆமாலா? நம் வசனத்தில் வாய் இருப்பதால் வாயின் ஆமால். வாயின் ஆமால் என்றால் வெட்டிப் பேச்சா, தோரா என்னும் வேதச் சட்டத்தை ஓதுவதா? யோசுவா 1:8-ஐக் காட்டி, ஓதுவதே என்று முடிக்கிறார்.

அதே பக்கத்தில் "அவனுக்காக உழைக்கிறது" என்பதற்கு இன்னொரு வாசிப்பும் இருக்கிறது: அவன் இந்த இடத்தில் தோராவுக்காகப் பாடுபடுகிறான், அவனுடைய தோரா வேறோர் இடத்தில் அவனுக்காகப் பாடுபடுகிறது. உழைப்பவர் வேறு, யாருக்காக என்பது வேறு என்று நாம் நாலாம் படியில் பிடித்த இலக்கணத்தை அவர்களும் பிடித்திருக்கிறார்கள். நமக்கு வந்த விடை பசி, அவர்களுக்கு வந்த விடை தோரா. இவற்றை முதலிலேயே வாசித்திருந்தால் வசனத்தில் பசி இருக்கிறது என்பதையே மறந்திருப்போம்.

11. உங்கள் தமிழில் எழுதிப் பாருங்கள்

மொழிபெயர்ப்பு எழுதாமல் நிறுத்தாதீர்கள். எங்கே புரியவில்லை என்பது எழுதும்போதுதான் தெரியும்.

என் முதல் முயற்சி: "உழைப்பாளியின் உணவு வேட்கையானது அவனுக்காக உழைக்கின்றது, ஏனெனில் அவனுடைய வாய் அவன்மீது அழுத்தத்தைச் செலுத்துகின்றது." தப்பு ஒன்றும் இல்லை, ஆனால் யாரும் இப்படிப் பேச மாட்டார்கள். எபிரேயத்தில் எட்டுச் சொல், இங்கே பத்துக்கு மேல். ஆமேல், ஆமெலா என்று பக்கத்துப் பக்கத்தில் ஒலிக்கும் சத்தமும் மங்கிவிட்டது.

இரண்டாம் முயற்சியில் "வாய்" என்பதை எடுத்துவிட்டு "வயிறு" போட்டேன். தமிழில் வேலைக்குத் துரத்துவது வயிறுதானே; வயிற்றுப்பாடு என்றே சொல்கிறோம். நன்றாகத்தான் வந்தது. ஆனால் 23-ஆம் வசனத்து வாயோடு இருந்த தொடர்பு அறுந்துபோயிற்று. திரும்ப வாயையே வைத்தேன்.

இப்போது நோட்டில் இருப்பது: "பாடுபடுகிறவனின் பசியே அவனுக்காகப் பாடுபடுகிறது, அவன் வாய் அவனை முடுக்குகிறதே." மேலிருந்து அழுத்துவது இதில் முழுதாக வரவில்லை. "அவன்மேல் ஏறி முடுக்குகிறதே" என்று போட்டால் வருகிறது, ஆனால் சேணம் உள்ளே நுழைந்துவிடுகிறது. பென்சிலில்தான் இருக்கிறது. சபையில் வாசிப்பதாக இருந்தால் "பாடு" என்றதும் சிலுவைப் பாடு நினைவுக்கு வரும், அதையும் கணக்கில் வையுங்கள்.

எழுதியதைச் சத்தமாக, எபிரேயம் பார்க்காத ஒருவரிடம் வாசித்துக் காட்டுங்கள். அவர் "யார் யாருக்காக உழைக்கிறது?" என்று திரும்பக் கேட்டால் சரி, நாலாம் படி தமிழில் வந்துவிட்டது. கேட்காமல் தலையாட்டினால், மறுபடி "தனக்காகவே" பக்கம் சாய்ந்துவிட்டோமா என்று பாருங்கள்.

அடுத்த பயிற்சிக்கு நீதிமொழிகள் 19:24-ஐயும் 26:15-ஐயும் எடுங்கள். தட்டில் கை வைத்த சோம்பேறிக்கு அதைத் திரும்ப வாய்க்குக் கொண்டுவர முடியவில்லை என்று இரண்டிலும் ஏறக்குறைய ஒரே வசனம். ஒன்றில் பீஹூ, ஒன்றில் பீவ். முதல் பாதி அப்படியே இருக்கிறது, இரண்டாம் பாதியில் வினையும் மாறியிருக்கிறது. பன்னிரண்டு சீட்டு வெட்டி வைத்துக்கொண்டு உட்காருங்கள்.